சும்மா இருக்கத் தெரியாத சிப்புகள்

"மும்முனை வந்துடுச்சா?" தஞ்சாவூர்ப் பக்கம் போர்வெல் வைத்திருக்கும் எந்த விவசாயியைக் கேட்டாலும், இந்த ஒரு கேள்வியால் கெட்ட ராத்திரித் தூக்கத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார். விவசாய மோட்டார்களுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம்தான். ஆனால் மோட்டார் ஓட மூன்று ஃபேஸும் வேண்டும்; மூன்றும் எல்லா நேரமும் சேர்ந்து இருக்காது. பகலில் சில மணி, இரவில் சில மணி என்று வட்டாரவாரியாக முறை வைத்து விட்ட காலத்தில், டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து, கொட்டகையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று விளக்கும் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தவர்கள் டெல்டாவில் ஏராளம். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் எழுந்திருக்க வேண்டும். மின்சாரம் வந்திருந்தால் சரி. வராவிட்டால் அந்த நடை வீண்.

அந்த நடையைக் குறைக்கத்தான் ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தது. அதற்குப் பின் கைபேசியால் இயக்கும் ஸ்டார்ட்டர் வந்தது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், இன்னொன்று கொடுத்தால் நிற்கும். தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை இந்தக் கருவிக்கு மானியமும் தருகிறது. சிறு, குறு விவசாயிகளுக்குப் பாதி விலை வரை. நல்ல திட்டம், குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்தத் தகரப் பெட்டிக்குள் இருக்கும் சிப் எப்படி வேலை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அது, விவசாயி கைவிட்ட அந்த வீண் நடையைத்தான் அவருக்குப் பதிலாக நொடிக்குப் பல லட்சம் தடவை நடந்துகொண்டிருக்கிறது.

பெட்டிக்குள் போய்வரும் கம்பிகளை எண்ணினால் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. மூன்று ஃபேஸும் இருக்கின்றனவா என்று சொல்ல மூன்று கம்பி. போரில் தண்ணீர் வற்றிவிட்டதா, மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறதா, யாராவது பட்டனை அழுத்தினார்களா என்று சொல்ல இன்னும் சில. இவை உள்ளே வரும் கம்பிகள். வெளியே போவது அதைவிடக் குறைவு: மோட்டாரை மின்சாரத்தோடு இணைக்கும் காண்டாக்டரை இழுக்க ஒரு ரிலே, விடுவிக்க ஒன்று, ஒரு விளக்கு அல்லது பஸ்ஸர். ஒவ்வொரு கம்பியிலும் இரண்டே நிலைகள்தான். மின்னழுத்தம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம். கணினித் துறையில் இவற்றை டிஜிட்டல் உள்ளீடு, வெளியீடு என்பார்கள். உலகத்தைப் பற்றி மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் அந்தச் சிப்புக்குத் தெரிவதும், உலகத்தின்மீது அது செய்ய முடிவதும் இந்தக் கம்பிகள் வழியாகத்தான்.

கம்பியின் நிலையைத் தெரிந்துகொள்ள எளிய வழி, ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பது. வந்ததா, வந்ததா, வந்ததா என்று ஒரு வட்டத்துக்குள் சுற்றும் நிரலை முதலாண்டு மாணவர் பத்தே நிமிடத்தில் எழுதிவிடுவார். மலிவான சிப் ஒன்றுகூட இப்படி நொடிக்குப் பத்து லட்சம் தடவை கேட்கும். ஒரு நாளைக்கு 86,400 நொடி. ஆக 8,640 கோடி கேள்வி. அதே நிரல் நெல் வயலின் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 8,640 கோடி கேள்விக்கும் நாள் முடிவில் கிடைக்கும் பதில், மட்டம் ஒரு சென்டிமீட்டர் போல இறங்கியிருக்கிறது என்பதுதான்.

சும்மா கேட்பதில் என்ன நஷ்டம், சிப்புக்கு வேறு என்ன வேலை என்று தோன்றலாம். நஷ்டம் பேட்டரியில் தெரியும். மும்முனை இல்லாத நேரத்திலும் பெட்டி விழித்திருந்தாக வேண்டும். அதற்காகவே உள்ளே ஒரு சிறிய பேட்டரி வைக்கிறார்கள். கல்லூரிப் பட்டறைகளில் அதிகம் புழங்கும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள ஏடிமெகா 328பி சிப், 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது சுமார் 10 மில்லி ஆம்பியர் குடிக்கிறது. 2,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி அதற்கு எட்டு நாள் தாங்கும். அதே சிப்பை வேலை இல்லாத நேரத்தில் உறங்கவைத்தால் தேவை சில மைக்ரோ ஆம்பியர்களாகச் சுருங்கிவிடும். கணக்குப்படி பார்த்தால் பேட்டரி இருபது ஆண்டுகளுக்கு வரும். அதற்கு முன்பே பேட்டரி தானாகக் கிழமாகிவிடும் என்பது வேறு விஷயம். இதில் ஒரு பொறி உண்டு. சிப் உறங்கினாலும் ஊனோ பலகை உறங்காது. அதில் உள்ள மின்னழுத்தச் சீராக்கியும் யூஎஸ்பி சிப்பும் விடிய விடியக் குடித்துக்கொண்டே இருக்கும். கல்லூரி ஆய்வகத்தில் பரிசு வாங்கிய கருவி வயலில் இரண்டு நாளில் படுத்துவிடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஓயாமல் கேட்பதற்கு மாற்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கம்பியின் நிலை மாறும்போது கம்பியே சிப்பைத் தட்டி எழுப்பட்டும் என்பதுதான் அது. இன்டரப்ட் என்று பெயர். 1950-களின் நடுவிலேயே அமெரிக்காவின் டைசியாக், யூனிவாக் 1103ஏ கணினிகளில் இந்த வசதி வந்துவிட்டது. நம் பொறியியல் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் இன்டெலின் 8051 சிப் 1980-இல் வெளியானபோதே வெளிக்கம்பிகளுக்கென்று இரண்டு இன்டரப்ட் வாசல்கள் வைத்திருந்தது. கைபேசி ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஜிஎஸ்எம் மோடத்திலும் 'ரிங்' என்று ஒரு தனிக் கம்பி உண்டு. அழைப்போ குறுஞ்செய்தியோ வந்தால் அதன் மின்னழுத்தம் கீழே இறங்கும். அந்த இறக்கத்தைக் கண்டு சிப் எழுந்தால் போதும்; மற்ற நேரமெல்லாம் உறங்கலாம். கம்பி இருக்கிறது, வாசலும் இருக்கிறது. இணைத்து எழுதுவதற்கு ஆள் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான்.

மெனக்கெடாததற்கு ஒரு நியாயமும் உண்டு. இன்டரப்ட் எந்த நேரத்திலும் வரும். நிரல் எதைச் செய்துகொண்டிருந்தாலும் பாதியில் நிற்கும். நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, எக்ஸ் 1 என்ற கணினிக்கு இன்டரப்ட் வைக்கலாம் என்று சகாக்கள் சொன்னபோது கலங்கியதாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஒரு முறை வந்த பிழை மறுமுறை அதே மாதிரி வராது, எப்படிப் பிடிப்பது என்பது அவர் பயம். பிறகு அந்தக் கணினிக்கான இன்டரப்ட் நிரலையே எழுதி, அதையே பொருளாக வைத்து 1959-இல் முனைவர் பட்டமும் வாங்கினார்.

உள்ளீட்டுக் கம்பிகள் செயலியை எப்படித் திணறடிக்கும் என்பதற்கு நிலவில் நடந்ததைவிடப் பெரிய உதாரணம் கிடைக்காது. 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11-இன் இறங்குகலம் தரையை நெருங்கிக்கொண்டிருந்தபோது கணினி 1202 என்ற எச்சரிக்கை எண்ணைக் காட்டியது. பிறகு 1201. காரணம், அந்த நேரத்தில் தேவையே இல்லாத ஒரு ராடாரிலிருந்து வந்த கம்பிகள். ராடாரின் மின்சாரமும் கணினி சார்ந்த மின்சுற்றின் மின்சாரமும் ஒத்திசையாமல் போனதால், நொடிக்கு 12,800 வரை வெற்றுத் துடிப்புகள் கணினிக்குள் பாய்ந்தன. ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிவைக்கக் கணினிக்கு 11.7 மைக்ரோ செகண்டு ஆகும். பெருக்கிப் பார்த்தால் செயலியின் நேரத்தில் கிட்டத்தட்ட 15 விழுக்காடு திருட்டுப் போயிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த நிரலுக்கு அது தெரியக்கூட இல்லை. அவசரமில்லாத வேலைகளைத் தானாகத் தள்ளிவிட்டு, இறங்குவதற்கான கணக்கை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும்படி மென்பொருளை வடிவமைத்திருந்ததால் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் பிழைத்தார்கள்.

டெல்டாவின் மோட்டார் கொட்டகைக்கும் இதே தொல்லை உண்டு. காண்டாக்டர் 'டக்'கென்று ஒட்டும்போதும் விடும்போதும் பக்கத்துக் கம்பிகளில் மின்னழுத்தம் துள்ளும். ரிலேயின் தொடுமுனைகள் ஒரே தடவையில் ஒட்டாமல், சில மில்லி செகண்டுகளுக்கு ஒட்டி ஒட்டிப் பிரியும். ஒரு பட்டனை ஒரு தடவை அழுத்தினாலும் சிப்பின் கண்ணுக்கு அது பத்து, இருபது அழுத்தலாகத் தெரியும். இன்டரப்டை அப்படியே நம்பினால் ஒவ்வொரு துள்ளலுக்கும் சிப் எழுந்து ஓடும். கம்பியின் வாயிலேயே ஒரு மின்தடை, ஒரு கெப்பாசிட்டர், முடிந்தால் ஆப்டோகப்ளர் வைத்து வடிகட்டுவதுதான் கைதேர்ந்தவர்களின் வழக்கம். சில ரூபாய்ச் செலவு. ஆனால் விலைப் போட்டியில் முதலில் வெட்டப்படுவதும் அந்தச் சில ரூபாய்தான்.

ஆகவே கேட்பதே தவறு, தட்டி எழுப்புவதே சரி என்று சொல்லிவிட முடியாது. 1996-இல் ஜெஃப்ரி மோகலும் கே. கே. ராமகிருஷ்ணனும் எழுதிய ஒரு கட்டுரை இதைத் துல்லியமாகக் காட்டியது. வலைப்பின்னலிலிருந்து தகவல் பொட்டலங்கள் அளவுக்கு மீறிக் குவியும்போது, செயலி இன்டரப்டுகளுக்குப் பதில் சொல்வதிலேயே முழு நேரத்தையும் செலவழித்து, உண்மையான வேலை ஒன்றையும் முடிக்காமல் போய்விடுகிறது. அவர்கள் சொன்ன தீர்வு, நெரிசல் மிகுந்தால் தட்டுவதை நிறுத்திவிட்டு, முறை வைத்துப் போய்க் கேட்பது. லினக்ஸ் இயங்குதளமும் பின்னாளில் இதே வழிக்கு வந்தது.

முறை வைப்பது காவிரிப் படுகைக்குப் புதிதில்லை. மேட்டூரில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று கல்லணையில் முறை மாற்றித் திறப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஆனால் மோட்டார் விஷயத்தில் மட்டும் முறை தவறிவிட்டது. மும்முனை வந்த அதே நொடியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் கீழுள்ள ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் எல்லாம் ஒன்றாக மோட்டாரைத் தூக்கும். புறப்படும் நேரத்தில் ஒரு மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். இருபது மோட்டார் சேர்ந்து இழுத்தால் மின்னழுத்தம் விழும், ஃபியூஸ் போகும், சில நேரம் டிரான்ஸ்ஃபார்மரே போகும். மின்வாரியத்துக்காரர்கள் ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கண்டாலே முகம் சுளிப்பது இதனால்தான். ஒவ்வொரு பெட்டியும் தனக்கென ஒரு தற்செயல் எண்ணை எடுத்துக்கொண்டு, அத்தனை நொடி கழித்து மோட்டாரைத் தூக்கினால் சிக்கல் தீரும். அந்தக் காத்திருப்பையும் சிப் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். அதற்குள்ளேயே இருக்கும் டைமர் எண்ணட்டும், நேரம் வந்ததும் எழுப்பட்டும். நாலு வரி நிரலில் முடிகிற வேலை.

எந்தக் கம்பியை எவ்வளவு அடிக்கடி பார்ப்பது என்பதை நிரல் எழுதுபவரின் வசதி தீர்மானிக்கக் கூடாது. கம்பியின் மறுமுனையில் இருக்கும் பொருள் தீர்மானிக்க வேண்டும். ஓடும் மோட்டாரில் ஒரு ஃபேஸ் போய்விட்டால் சில நொடிக்குள் நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் காயில் கட்ட ஆயிரக்கணக்கில் செலவு. வயல் தண்ணீருக்கு அந்த அவசரமே கிடையாது. திருந்திய நெல் சாகுபடியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று பரிந்துரைக்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம். வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல், வடிந்து மண் லேசாக வெடிக்கத் தொடங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகத் துளையிட்ட ஒரு குழாயை வயலில் பதிக்கச் சொல்கிறது. குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே போனதும் பாய்ச்ச வேண்டும். அந்த மட்டத்துக்கு இறங்கப் பல நாளாகும். அந்தக் குழாயில் ஒரு மட்டமானியை வைத்து, அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் சிப் ஒன்று போதும். ஒரு குறுவைக்கு மேல் ஒரே பேட்டரியில் ஓடும்.

வெளியே போகும் கம்பிகளிலும் வீணடிப்பு உண்டு. அதைப் பார்க்கத் திருவிழாவுக்குப் போகலாம். தஞ்சை, கும்பகோணம் பக்கத்துக் கோயில் விழாக்களில் சாமி உருவங்களாக நிறம் மாறி ஓடும் சீரியல் விளக்குகளில் இப்போது பலவற்றில் ஒவ்வொரு எல்இடிக்கும் தனி நிறம் சொல்ல முடியும். டபிள்யூஎஸ் 2812 என்ற வகையில், ஒரே கம்பியில் ஒவ்வொரு விளக்குக்கும் 24 பிட்டுகள் அனுப்ப வேண்டும். ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ செகண்டு, அதிலும் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று கறாரான கணக்கு. ஆயிரம் விளக்குக்கு 30 மில்லி செகண்டு. செயலியே கம்பியை ஏற்றி இறக்கி இதைச் செய்தால், அந்த 30 மில்லி செகண்டும் வேறெதையும் திரும்பிப் பார்க்க முடியாது. நடுவில் ஓர் இன்டரப்ட் வந்தால் அம்மன் முகத்தில் பச்சைப் புள்ளி தெறிக்கும்.

2021-இல் நான்கு டாலர் விலையில் வந்த ராஸ்பெர்ரி பை பிகோ பலகையின் ஆர்பி 2040 சிப் இதற்கு அழகான விடை வைத்திருக்கிறது. இரண்டு செயலிகளுக்குப் பக்கத்தில், கம்பிகளை மட்டுமே ஆட்டுவிக்கும் எட்டுக் குட்டி எந்திரங்கள். அவற்றுக்குத் தெரிந்த கட்டளைகள் ஒன்பதுதான். ஏற்று, இறக்கு, பொறு, நகர்த்து என்கிற மாதிரி. நிறப் பட்டியலை நினைவகத்திலிருந்து எடுத்துக்கொடுக்க டிஎம்ஏ என்ற தனிப் பகுதி. செயலி வேலையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பிகோ வாங்காவிட்டாலும் பரவாயில்லை, கையில் இருப்பதிலேயே மிச்சம் பிடிக்கலாம். ஆர்டுயினோவில் ஒரு கம்பியை ஏற்ற எல்லோரும் எழுதும் 'டிஜிட்டல்ரைட்' கட்டளை, உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்ட கடிகாரத் துடிப்புகளைத் தின்கிறது. கம்பி சேர்ந்திருக்கும் போர்ட் என்ற பதிவேட்டில் நேராக எழுதினால் இரண்டே துடிப்பு. எட்டுக் கம்பியையும் ஒரே தடவை எழுதி மாற்றவும் செய்யலாம். புதிதாகக் கற்பவருக்கு முதல் வழி எளிது என்பது உண்மை. இறுதியாண்டிலும் அதே வழி என்றால் யாரைக் கேட்பது?

இந்த இடத்தில்தான் கல்லூரிகளை நோக்கிக் கை நீள்கிறது. தஞ்சையைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. சென்னை ஐஐடியின் சக்தி செயலி, சி-டாக் நிறுவனத்தின் தேஜஸ் 32 என்று உள்நாட்டிலேயே வடிவமைத்த, ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பில் இயங்கும் சிப்புகளும் வந்துவிட்டன. 'தட்டும்வரை உறங்கு' என்பதற்கு ரிஸ்க்-ஃபைவில் ஒரு தனிக் கட்டளையே இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான மாணவர் திட்டப்பணிகளின் மதிப்பீட்டில், விளக்கு எரிந்ததா, மோட்டார் ஓடியதா, கைபேசிச் செயலியில் வரைபடம் தெரிந்ததா என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது. சராசரியாக எவ்வளவு மின்சாரம் குடித்தது, பேட்டரி எத்தனை நாள் வந்தது என்று தேர்வாளர் கேட்டால் அடுத்த ஆண்டே நிரல்களின் முகம் மாறும். ஒரு மல்டிமீட்டர் போதும், புதிய பாடத்திட்டம் தேவையில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, தள்ளிவிட முடியாதது. இந்தப் பெட்டிகளில் பேட்டரியை அதிகம் குடிப்பது மோடம்தான், செய்தி அனுப்பும் நொடிகளில் அது ஆம்பியர் கணக்கில் இழுக்கும், சிப்பை மட்டும் உறங்கவைத்து என்ன லாபம் என்பது. பாதி சரி. மோடத்துக்கும் உறக்க நிலை உண்டு; அதற்குள் அதை அனுப்புவதும் தேவைப்படும்போது எழுப்புவதும் சிப்பின் வேலை. ஓயாத வட்டத்தில் சுற்றும் நிரல் மோடத்தையும் சேர்த்து விழிக்க வைத்திருக்கும். கம்பிகளைச் சிக்கனமாக ஆள ஒருவர் உட்கார்ந்து யோசித்தால், மோடத்தின் கணக்கும் கூடவே மேசைக்கு வந்துவிடும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. வடிகாலில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, எந்த மதகு திறந்திருக்கிறது என்ற செய்தி மிக அதிகமாகத் தேவைப்படுவது அப்படிப்பட்ட வாரங்களில்தான். எட்டு நாளில் பேட்டரி தீரும் கருவியை ஆற்றங்கரையில் நட்டு ஒரு பயனும் இல்லை.

வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்துக்குக் கருவிகளை ஏற்கும்போது விவரக்குறிப்பில் மூன்று எண்களைக் கட்டாயமாக்கலாம்: உறக்க நிலையில் எத்தனை மைக்ரோ ஆம்பியர், மின்சாரம் முற்றிலும் நின்றபின் பேட்டரியில் எத்தனை நாள், மும்முனை வந்தபின் மோட்டாரைத் தூக்கத் தற்செயலாக எத்தனை நொடி வரை தாமதம். தயாரிப்பாளர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெட்டிகளை அங்குள்ள கொட்டகைகளில் ஒரு சம்பா முழுக்க மாட்டிவைத்து, வடகிழக்குப் பருவமழையின் இடி, மின்னல், ஈரம் எல்லாவற்றையும் பார்க்கவிட்டு, எது எத்தனை நாளில் விழுந்தது, எது எத்தனை தடவை தவறாக எழுந்தது என்று பட்டியல் போடலாம். அந்தப் பட்டியல் தமிழில், வட்டார வேளாண் அலுவலகப் பலகையில் தொங்க வேண்டும்.